ஆற்றை எதிர்த்து ஏறிய என்டர்பிரைஸ்

1810 வாக்கில் ஒஹையோ ஆற்றங்கரையில் விவசாயம் செய்த ஒருவர் தன் கோதுமை மாவையும், உப்புப் போட்ட பன்றி இறைச்சியையும், விஸ்கிப் பீப்பாய்களையும் காசாக்க நினைத்தால் முதலில் பலகை அறுக்க உட்காருவார். பலகைகளை அடித்து ஒரு தட்டைப்படகு செய்வார். அதைப் படகு என்பதைவிட மிதக்கிற பெட்டி என்று சொல்லலாம். அதை ஓட்ட வேண்டியதில்லை, ஆறே இழுத்துக்கொண்டு போகும். மணல்திட்டில் ஏறாமல், மரத்தில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒஹையோ மிசிசிப்பியில் கலந்து, மிசிசிப்பி நியூ ஆர்லியன்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே சரக்கை விற்றுவிட்டு, படகையும் உடைத்துப் பலகை விலைக்குத் தள்ளிவிடுவார்.

அப்புறம்? அப்புறம் நடைதான். நியூ ஆர்லியன்ஸுக்கு வடக்கே மிசிசிப்பிக் கரையில் இருக்கும் நாச்செஸிலிருந்து நாஷ்வில் வரை காட்டுப் பாதையே சுமார் 440 மைல். இடுப்பில் காசு, வழியில் கொள்ளைக்காரர்கள். நாஷ்வில் வந்த பிறகும் வீடு தொலைவில்தான் இருக்கும்.

படகிலேயே திரும்ப வேண்டுமென்றால் அதற்கென்று ஏரா, அதாவது அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் நீளக் கட்டை, வைத்துக் கட்டிய ஒடுக்கமான படகுகள் இருந்தன. ஆட்கள் இரு ஓரங்களிலும் வரிசையாக நின்று, நீளக் கழியை ஆற்றடியில் ஊன்றி, தோளை அதில் கொடுத்து, முன்னிருந்து பின்னுக்கு நடப்பார்கள். அவர்கள் பின்னால் நடக்க, படகு முன்னால் நகரும். ஆழம் கூடி கழி எட்டாமல் போனால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். கரையில் நடக்க இடமில்லாத இடத்தில் ஆற்றோரத்துப் புதர்களைப் பிடித்துப் பிடித்துப் படகை முன்னால் இழுப்பார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒஹையோக் கரையில் உள்ள லூயிவில் போய்ச் சேர மூன்று நான்கு மாதம் ஆகும். இந்தச் செலவில் எதை ஏற்றி வந்து விற்பது? அதனால்தான் பிட்ஸ்பர்க்கின் துணிமணியும் மளிகையும் பெரும்பாலும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மலை தாண்டி வண்டியில் வந்தன. இறங்குவதற்கு மட்டும் ஆறு, ஏறுவதற்கு மாடும் குதிரையும். அந்த ஆற்றை ஏறிக் காட்டியது ‘என்டர்பிரைஸ்’ என்ற சின்ன நீராவிப் படகு.

அமெரிக்க மேற்கு ஆறுகளில் நீராவிப் படகின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற கப்பலில் ஆரம்பிப்பார்கள். ராபர்ட் ஃபுல்டனும் ராபர்ட் லிவிங்ஸ்டனும் பணம் போட, நிக்கோலஸ் ரூஸ்வெல்ட் பிட்ஸ்பர்க்கில் கட்டிய 371 டன் கப்பல் அது. 1811 அக்டோபரில் கிளம்பியது. வானத்தில் பெரிய வால்நட்சத்திரம், டிசம்பரில் நியூ மாட்ரிட் நிலநடுக்கம் என்று வழியெல்லாம் ஆர்ப்பாட்டம். 1812 ஜனவரியில் தன் பெயர்கொண்ட ஊரைச் சேர்ந்தது. கதையாகச் சொல்ல இதைவிட நல்ல பயணம் கிடைக்காது. ஆனால் இறங்கி வருவதற்குத் தட்டைப்படகே போதுமே! அந்தக் கப்பல் பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பவே இல்லை. நியூ ஆர்லியன்ஸுக்கும் நாச்செஸுக்கும் இடையில் ஓடிச் சம்பாதித்தது. 1814இல் பாட்டன் ரூஜ் பக்கம் ஆற்றில் புதைந்திருந்த மரம் ஒன்றில் மாட்டி மூழ்கியது. அதே கூட்டத்தாரின் அடுத்த கப்பல் ‘வெசூவியஸ்’ 1814 கோடையில் லூயிவில்லை நோக்கி ஏறிப் பார்த்தது. சுமார் 700 மைல் போனதும் மணல்திட்டில் தட்டி, ஆற்றில் தண்ணீர் ஏறும்வரை மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

இந்த ஆறுகளுக்குத் தேவைப்பட்டது பெரிய கப்பல் அல்ல. தண்ணீரில் அதிகம் அமிழாத, எடை குறைந்த, ஆனால் முரட்டுப் பலமுள்ள ஒன்று. அது பென்சில்வேனியாவின் பிரவுன்ஸ்வில் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது.

பிரவுன்ஸ்வில், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே மொனோங்கஹேலா ஆற்றின் கரையில் இருக்கிறது. மலை தாண்டி மேற்கே குடியேற வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் படகு ஏறும் இடம். ஆகவே படகு கட்டுகிற தச்சர்களும் இரும்பு வேலைக்காரர்களும் நிறைய. அந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ‘மொனோங்கஹேலா அண்ட் ஒஹையோ ஸ்டீம் போட் கம்பெனி’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வாய்த்த மெக்கானிக் டேனியல் பிரெஞ்ச். 1809இலேயே தன் நீராவி இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கியவர். 1813இல் அவருடைய வடிவமைப்பில் 25 டன்னில் ‘காமெட்’ என்ற சிறு பின்சக்கரப் படகு ஓடியது. அது நியூ ஆர்லியன்ஸ் வரை போனது. அங்கே விற்கப்பட்டு, அதன் இன்ஜின் பஞ்சாலையில் பருத்திக்கொட்டை பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டது. அதாவது படகு சுமார், இன்ஜின் நன்று என்று வாங்கியவர் முடிவு கட்டியிருக்கிறார்.

அந்த இன்ஜினைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

ஃபுல்டன் வகைக் கப்பல்களில் இருந்தது ஜேம்ஸ் வாட் பாணி இன்ஜின். நீராவியின் அழுத்தம் அதில் குறைவு. உள்ளே வந்த நீராவியைக் குளிர்நீரால் சட்டென்று தண்ணீராக்கினால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகும். வேலையில் பெரும்பங்கு அந்த வெற்றிடத்தினுடையது. நல்ல ஏற்பாடுதான், விறகும் அவ்வளவு தின்னாது. ஆனால் குறைந்த அழுத்தத்தில் பலம் வேண்டுமென்றால் சிலிண்டர் அண்டா மாதிரி பெருக்க வேண்டும். கூடவே நீராவியைக் குளிரவைக்கும் கண்டென்சர், காற்றை உறிஞ்சும் பம்ப், மேலே ஆடும் கனத்த இரும்பு உத்தரம் என்று சாமான்கள் சேர்ந்துகொண்டே போகும். இவ்வளவு எடையைத் தாங்கும் கப்பல் ஆழமாக அமிழாமல் என்ன செய்யும்?

பிரெஞ்ச் போனது வேறு வழி. அழுத்தத்தைக் கூட்டினார். நீராவி பிஸ்டனைத் தள்ளி முடித்ததும் அதைக் குளிரவைத்துக்கொண்டிருக்காமல் புஸ்ஸென்று வெளியே விட்டுவிட்டார். கண்டென்சர் வேண்டாம், பம்ப் வேண்டாம், சிலிண்டரும் சின்னதாகப் போதும். இன்னொரு தந்திரமும் செய்தார். மற்ற இன்ஜின்களில் சிலிண்டர் அசையாமல் நிற்கும். பிஸ்டனின் நேர்க்கோட்டு ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்ற நடுவில் பல கம்பிகளும் மூட்டுகளும் வேண்டும். பிரெஞ்சின் இன்ஜினில் சிலிண்டரே தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. பிஸ்டன் கம்பி நேராகச் சக்கரத்தின் வளைதண்டைப் பிடித்துக்கொண்டது. சிலிண்டர் ஆடும்போதே அதன் வாய் திறந்து மூடி நீராவியை உள்ளே விடும், வெளியே விடும். உறுப்புகள் குறைய எடையும் குறைந்தது, ஊர்ப் பட்டறையிலேயே செய்துவிடக்கூடியதாகவும் ஆனது. ஆனால் இதற்கு இரண்டு விலை உண்டு: ஆடுகிற மூட்டில் நீராவி கசியும், அழுத்தம் கூடக் கூட பாய்லர் வெடிக்கும் பயமும் கூடும். இந்த இரண்டாவது விலையை அமெரிக்க ஆறுகள் பின்னால் உயிர்களாகவே கொடுத்தன.

சக்கரத்தைப் பின்னால் வைத்ததும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். புகைக்கப்பல் என்றதும் நம் மனதில் வருவது இரு பக்கமும் சக்கரம் சுழலும் படம். பக்கச் சக்கரம் படகின் அகலத்தைக் கூட்டும், மிதந்து வரும் மரமும் கிளையும் முதலில் அதில்தான் மோதும். பின்னால் ஒரே சக்கரம் என்றால் படகின் உடலே அதற்குக் கேடயம். ஒடுங்கிய வாய்க்காலிலும் நுழையலாம். இது பிரெஞ்ச் கண்டுபிடித்ததும் அல்ல. ஸ்காட்லாந்தில் வில்லியம் சிமிங்டன் கட்டிய ‘சார்லட் டன்டாஸ்’ படகுக்குச் சக்கரம் பின்பக்கத்தில்தான். 1803 மார்ச்சில் ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாயில், பலத்த எதிர்க்காற்றில், தலா 70 டன் ஏற்றிய இரண்டு படகுகளைச் சுமார் 20 மைல் தூரம் இழுத்துக் காட்டியது. அலையடித்துக் கால்வாய்க் கரை கரைந்துவிடும் என்று பயந்து நிர்வாகத்தினர் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். மிசிசிப்பிக்கு அப்படிக் கரையைப் பற்றிக் கவலைப்பட ஆள் கிடையாது. அது எந்தப் படகும் வராமலே வருஷா வருஷம் தன் கரையைத் தின்கிற ஆறு.

1814இல் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றுகூடி ‘என்டர்பிரைஸ்’ ஆனது. 75 டன். ‘நியூ ஆர்லியன்ஸ்’ கப்பலில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு கோடையிலிருந்து இஸ்ரேல் கிரெக் என்ற கேப்டன் அதைப் பிட்ஸ்பர்க்குக்கும் லூயிவில்லுக்கும் இடையே ஓட்டினார். லூயிவில்லில் ஒஹையோ ஆறு இரண்டு மைலுக்குள் 26 அடி இறங்குகிறது. பாறைகளின் மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் அந்த இடத்தை அருவி என்று சொன்னாலும், வெள்ளக் காலத்தில் படகு தாண்டிவிடலாம். இறங்கிப் போய்விட்டு அங்கிருந்து சுமார் 600 மைல் ஏறிப் பிட்ஸ்பர்க் திரும்பியது என்டர்பிரைஸ். உண்மையில் விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது: இந்தப் படகு திரும்பி வரும். பத்திரிகைக்கோ கவிதைக்கோ பெரிதாகத் தீனி போடாத ஓட்டங்கள் அவை. இந்தக் கதையில் இஸ்ரேல் கிரெக்கின் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

பெயர் எடுத்தவர் அடுத்த கேப்டன், ஹென்றி மில்லர் ஷ்ரீவ். 1785இல் பிறந்தவர். பிரவுன்ஸ்வில் பக்கம் வளர்ந்து, கழி ஊன்றித் தள்ளும் படகுகளில் வியாபாரம் செய்து, ஆற்றைத் தொட்டுத் தொட்டுக் கற்றவர். 1814 டிசம்பரில் பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்தது. நியூ ஆர்லியன்ஸைக் காக்க நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனிடம் துப்பாக்கியும் வெடிமருந்தும் போதவில்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து சாதாரணப் படகுகளில் அனுப்பியவை வழியிலேயே கிடந்தன. ஷ்ரீவ் என்டர்பிரைஸில் ஆயுதங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்த தேதியை இருவிதமாக எழுதியிருக்கிறார்கள். சண்டைக்கு முன்பே போய்ப் பீரங்கி பிடித்தார் என்பது பழைய வீரக்கதை. சண்டை நடந்த 1815 ஜனவரி 8க்கு மறுநாள்தான் படகு வந்தது என்பது ஆவணங்களைத் துருவியவர்களின் கணக்கு. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. எப்படியானாலும் அடுத்த சில மாதங்கள் ராணுவத்துக்குத் தேவையான ஆட்களையும் சாமான்களையும் மிசிசிப்பியில் மேலும் கீழுமாகச் சுமந்தது அந்தச் சின்னப் படகு. அப்போது அங்கே அது ஒரு பெரிய வசதி.

வசதியோடு வம்பும் வந்தது. ஃபுல்டன், லிவிங்ஸ்டன் தரப்புக்கு 1811இலேயே ஆர்லியன்ஸ் பிரதேசத்தின் சட்டசபை தன் எல்லைக்குள் நீராவிப் படகு ஓட்டும் ஏகபோக உரிமையைக் கொடுத்திருந்தது. மிசிசிப்பியின் வாயை யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவர் கையில்தான் மேலே உள்ள ஆறுகளின் வியாபாரம் எல்லாம். லிவிங்ஸ்டனின் தம்பி எட்வர்டு நியூ ஆர்லியன்ஸில் பெரிய வழக்கறிஞர், ஜாக்சனுக்கும் நெருக்கமானவர். போர் இருக்கும்வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் வழக்கு வந்தது. ஷ்ரீவ் தரப்பில் நின்றவர் ஆப்னர் டங்கன் என்ற வழக்கறிஞர். ஜாமீனுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, 1815 மே 6 அன்று ஷ்ரீவ் படகை வடக்கே திருப்பினார்.

லூயிவில் போய்ச் சேர 25 நாள். தூரம் ஏறக்குறைய 1,400 மைல். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 56 மைல், மணிக்கு இரண்டு மைலுக்குக் கொஞ்சம் கூட. மெதுவாக நடக்கிற ஆளின் வேகம்! இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். ஆனால் மனிதர் இரவில் தூங்குவார், 75 டன் படகை முதுகில் தூக்கவும் மாட்டார். இந்த 25 நாளில் விறகுக்காகக் கரை ஒதுங்கிய நேரமும் அடக்கம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் படகு ஆட்களே இறங்கி மரம் வெட்டி அடுக்க வேண்டும். பாய்லருக்குள் போவது மிசிசிப்பியின் சேற்றுத் தண்ணீர். அது கொதித்து அடியில் வண்டல் படியப் படிய நிறுத்திக் கழுவியாக வேண்டும். இதையெல்லாம் கழித்தால் ஓடிய வேகம் கௌரவமானதுதான். மூன்று மாத வேலை ஒரு மாதத்துக்குள் அடங்கிவிட்டது. லூயிவில்லோடு நிற்கவில்லை. பிட்ஸ்பர்க்கையும் கடந்து பிரவுன்ஸ்வில் வரை, பிறந்த இடத்துக்கே ஏறி வந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து அத்தனை தூரம் எந்த நீராவிப் படகும் அதற்கு முன் ஏறியதில்லை.

ஊர் நம்பியதா? பாதிதான். அந்த மே மாதம் ஆறுகளில் பெருவெள்ளம். தண்ணீர் கரையைத் தாண்டி வயல்களில் பரந்து கிடந்தது. ஷ்ரீவ் ஆற்றின் நடு ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல், ஓட்டம் செத்துக் கிடந்த ஓரத் தண்ணீரில், வயல்களின் மேலேயே குறுக்கு வழியில் ஏறி வந்தார். தண்ணீர் வாய்க்காலுக்குள் இருக்கும்போது இது நடக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மிசிசிப்பியின் ஓட்டம் நேராக வந்து முட்டினால் அந்த இன்ஜினின் கதி என்ன என்று ஷ்ரீவுக்கே தெரிந்திருக்கும். அவர் புதிதாக ‘வாஷிங்டன்’ என்ற பெரிய படகைக் கட்டினார். அதற்கும் இன்ஜின் பிரெஞ்சின் பட்டறையில்தான் தயாரானது. முதல் ஓட்டத்திலேயே, 1816 ஜூனில், மாரியெட்டா பக்கம் பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். பழுது பார்த்து மறுபடி ஓட்டி, 1817 வசந்தத்தில் ஆறு சாதாரணமாக இருந்தபோதே நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில்லுக்கு 25 நாளில் வந்து நின்றார். அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஊர் கூடி விருந்து வைத்தது. அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் ஏகபோக வழக்கும் தள்ளுபடியானது. நியூயார்க் ஏகபோகத்தைப் பற்றி 1824இல் உச்ச நீதிமன்றம் தந்த கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் தீர்ப்பு, மாகாணங்கள் ஆறுகளை இப்படிக் குத்தகைக்கு விடும் வழக்கத்துக்கே முடிவு கட்டியது.

என்டர்பிரைஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை. பிரவுன்ஸ்வில் திரும்பிய பிறகு அதன் ஆயுள் நீளவில்லை. லூயிவில் அருவிக்குக் கீழே, ஷிப்பிங்போர்ட் பக்கத்தில் மூழ்கிப்போனது. அதன் ஓட்டமெல்லாம் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்த கதைதான். அந்தக் கால ஆற்றுப் படகுகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல, ஐந்து வருஷம் தாண்டினாலே கிழப்படகு என்பார்கள். ஷ்ரீவ் பின்னர் ஆற்றில் புதைந்த மரங்களைப் பிடுங்கும் இரட்டை உடல் கப்பலை 1829இல் ஓட்டினார். ரெட் ஆற்றை அடைத்துக் கிடந்த மரக்குவியலை வெட்டித் திறந்தார். லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் என்று ஒரு நகரமே அவர் பேரில் இருக்கிறது. டேனியல் பிரெஞ்ச் பேரில் ஊர் எதுவும் இல்லை. படகை ஓட்டியவர் ஷ்ரீவ், ஓடவைத்தவர் பிரெஞ்ச். ஓட்டுவதைக் கரையில் நின்று பார்க்கலாம், கம்பியும் மூட்டும் உள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

அதைவிட வேடிக்கை, பின்சக்கரத்துக்கு நேர்ந்தது. பிரெஞ்சின் உயர் அழுத்த இன்ஜினை மேற்கு ஆறுகள் முழுசாக எடுத்துக்கொண்டன. சக்கரத்தை மட்டும் அடுத்த சில பத்தாண்டுகள் பக்கவாட்டுக்கே கொண்டுபோய்விட்டன. காரணம் இருக்கிறது. நடுவில் தோளைக் கொடுத்துக் காவடி தூக்கும்போது, இரு நுனியிலும் பாரம் தொங்கினால் கம்பு நடுவில் மேடுதட்டி முனைகள் தாழும் அல்லவா? பின்சக்கரப் படகுக்கும் அதே கதி. முன்னால் பாய்லர்களின் எடை, பின்னால் சக்கரத்தின் எடை, நடுவில் தண்ணீர் தூக்கிப் பிடிக்கிறது. மரத்தாலான நீளமான, மெல்லிய உடல் நாளடைவில் முதுகு வளைந்து மூட்டுவிட்டது. பக்கச் சக்கரம் என்றால் எடை நடுவில் உட்காரும். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி இன்ஜின் வைத்தால் ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் சுற்றி, நின்ற இடத்திலேயே திரும்பலாம். பயணிகளுக்கான வேகப் படகுகள் எல்லாம் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியமில்லை. 1853இல் நியூ ஆர்லியன்ஸ், லூயிவில் தூரத்தை ‘எக்லிப்ஸ்’ நான்கு நாள் ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. அதுவும் பக்கச் சக்கரப் படகுதான்.

பின்சக்கரத்தை மீட்டது இரும்புக் கம்பி. படகின் முன்முனையிலிருந்து பின்முனை வரை, நடுவில் நட்ட கம்பங்களின் மேலாக, முறுக்கி இறுக்கக்கூடிய நீண்ட கம்பிகளைக் கட்டினார்கள். தொங்கப்பார்க்கும் இரு முனைகளையும் அந்தக் கம்பி மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதுகு வளைவது நின்றது. அப்போதுதான் பின்சக்கரத்தின் இன்னொரு குணமும் தெரிந்தது. சுக்கான்கள் சக்கரத்துக்கு முன்னால் இருப்பதால், சக்கரத்தைத் திருப்பிச் சுற்றும்போது தண்ணீர் வேகமாகச் சுக்கான்கள்மேல் அடிக்கும். அதனால் பின்னுக்குப் போகும்போதுகூடப் படகு சொன்னபடி கேட்கும். முன்னால் பாரப் படகுகளைக் கோத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு, ஆற்று வளைவில் நிதானமாகத் திரும்ப இதைவிட என்ன வேண்டும்? பிட்ஸ்பர்க்கின் நிலக்கரி அப்படித்தான் தெற்கே போனது. 1901இல் வந்த ‘ஸ்ப்ரேக்’ என்ற பின்சக்கரத் தள்ளுபடகு 1907இல் ஒரே நடையில் 60 பாரப் படகுகளை, 67,307 டன் நிலக்கரியோடு தள்ளிக்கொண்டு போனது. அதன் சக்கரத்தின் குறுக்களவு மட்டும் 38 அடி.

என்டர்பிரைஸுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1914இல் பிட்ஸ்பர்க்கில் ‘ஐடில்வைல்டு’ என்று ஒரு பின்சக்கரப் படகைக் கட்டினார்கள். பின்னாளில் பெயர் மாறி, ‘பெல் ஆஃப் லூயிவில்’ ஆயிற்று. நீராவியில் ஓடும் அது இன்றும் லூயிவில் கரையிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. என்டர்பிரைஸ் மூழ்கிய ஷிப்பிங்போர்ட் அங்கிருந்து சற்றுத் தொலைவில், அருவிக்குக் கீழே இருக்கிறது.